கோல் போடாத முன்கள வீரர்

முன்களத்தில் ஆடுகிறவர் கோல் அடிக்க வேண்டும். நாக்அவுட்டில் அடிக்காதவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஹாக்கி ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் இந்தத் தீர்ப்பு காதில் விழுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டாலே இது நிற்காது.

அங்கே இந்தியா போட்டது 15 கோல். அதில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குடையவை. அவரோ பின்கள வீரர். காலிறுதி, அரையிறுதி, வெண்கலப் பதக்க ஆட்டம் மூன்றிலும் சேர்த்து இந்தியாவுக்கு 5 கோல். முன்களத்தார் பங்கு, ஜெர்மனிக்கு எதிராக சுக்ஜீத் சிங் போட்ட ஒன்றே ஒன்று. அப்படியானால் முன்களம் தோற்றதா? பதக்கம் வந்திருக்கிறதே! ஹர்மன்பிரீத் அடித்தவை பெரும்பாலும் பெனால்டி கார்னரில். அது தானாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் பந்தோடு கோலுக்கு முன்னுள்ள ‘டி’ வட்டத்துக்குள் புகுந்து எதிராளியைத் தவறு செய்ய வைக்க வேண்டும். ஸ்கோர் அட்டையில் ஏறுவது அடித்தவர் பெயர் மட்டும்தான்.

காலிறுதியைப் பாருங்கள். 17ஆம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஏறக்குறைய 43 நிமிடம், 10 பேரோடு பிரிட்டனைச் சமாளிக்க வேண்டும். முன்களத்தாரும் இறங்கி வந்து மறிக்காமல் 1-1 நின்றிருக்குமா? ஷூட்அவுட்டில் 4-2, முன்களத்தார் சுக்ஜீத், லலித் உபாத்யாய் இருவருமே அடித்தார்கள்.

பின்னால் இறங்கினால் தாக்குதல் மழுங்கிவிடும் என்பது அடுத்த வாதம். இதைச் செஞ்சிக் கோட்டையில் சொன்னால் எடுபடாது. 1690 வாக்கில் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு மதில் மட்டும் காரணமல்ல. மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் முற்றுகையிட்டவர்களையே வெளியிலிருந்து தாக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாக்கியிலும் எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பிடுங்கும் முன்கள வீரர், தன் அணியின் காவலையும் தாக்குதலையும் ஒரே வீச்சில் செய்துவிடுகிறார்.

‘தன்ராஜ் பிள்ளையே ஒலிம்பிக் பதக்கம் வாங்கவில்லையே’ என்பார்கள். உண்மைதான். அந்தப் புகழ்பெற்ற முன்கள வீரர் ஆடியது 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக். இந்தியாவுக்கு 7, 8, 7, 7ஆம் இடங்கள். 2000 சிட்னியில் போலந்து ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சமன் செய்ததால் அரையிறுதி போயிற்று. அதை ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். இதே தன்ராஜின் தலைமையில்தான் 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது.

தடுப்பாட்டத்தில் அவரை லலித்தோடு எடைபோடுவதும் சரியாகாது. தன்ராஜ் ஆடிய காலத்தில் ஆட்டம் 35 நிமிடப் பாதிகள் இரண்டு. ஆஃப்சைடு விதியே 1990களின் பிற்பகுதியில்தான் ஒழிந்தது. லலித் பாரிஸில் ஆடியது 15 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, இடையிடையே ஓய்வு.