ஜீப்புக்கும் பல்லைத்தான் பார்க்க வேண்டும்

பழைய ஜீப் வாங்கியவர் வண்டியை வாசலில் நிறுத்தியதும் கேட்கும் முதல் கேள்வி, இதில் வேறு என்ன எஞ்சின் ஏற்றலாம் என்பதுதான். மகிந்திரா எம்.எம். 540 ஆனாலும் மேஜர் ஆனாலும் ஜிப்ஸி ஆனாலும் கேள்வி மாறுவதில்லை. பதில் சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. டர்போ வைத்த டீசல் எஞ்சினாகப் பார்த்து மாற்று, பம்ப்பில் டீசலைக் கூட்டி வை, சைலன்சரை வெட்டி நேர்க்குழாய் போடு, ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டு. இத்தனை யோசனைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: மேட்டில் வண்டி ஏறவில்லை என்றால் எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை. சின்னப் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பணத்தைத் தவறான இடத்தில் கொட்டவைத்து, நல்ல வண்டியையும் கெடுக்கிற நம்பிக்கை இது.

சக்தியில்லை என்று பழிக்கப்படும் இந்த மகிந்திரா ஜீப்புகளின் மூதாதை, இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தந்தது 60 குதிரைத்திறன். முறுக்குவிசை, அதாவது நம் மெக்கானிக்குகள் ‘இழுவை’ என்பது, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுமார் 142 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் இன்றைய சிறிய கார்கூட இதை மிஞ்சிவிடும். ஆனால் அந்த 142 அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியரில் 2.665 மடங்காகிறது, இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸின் லோ கியரில் மேலும் 1.97 மடங்காகிறது, அச்சில் இருக்கும் கிரவுன் பினியனில் இன்னும் 4.88 மடங்காகிறது. மூன்றையும் பெருக்கினால் 25.6. சக்கரத்தில் கிடைப்பது 3,600 நியூட்டன் மீட்டருக்கு மேல். பற்களின் உராய்வில் நூற்றுக்குப் பதினைந்து போகட்டும். டயரின் ஆரம் 36 செ.மீ. என்று கொண்டால், தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 870 கிலோ எடைக்குச் சமம். வண்டியின் எடையோ 1,100 கிலோதான். 30 டிகிரி சரிவில் அதை மேலே இழுக்கத் தேவைப்படுவது அதில் பாதி, 550 கிலோ. இந்தப் பக்கம் சரளையிலும் மண்ணிலும் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் எடையில் பாதி, மிஞ்சிப்போனால் 60 சதவீதம். ஆக, 870 கிலோ தள்ள எஞ்சின் தயாராக நிற்கிறது. நிலம் 660 கிலோவுக்கு மேல் வாங்கிக்கொள்வதில்லை. அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் டயர் நின்ற இடத்தில் சுழன்று குழி பறிக்கும். அறுபது குதிரையிலேயே இந்த நிலை என்றால், நூற்றிருபது குதிரையை ஏற்றி யாருக்கு என்ன லாபம்?

போர் முடிந்த 1945இல் வில்லிஸ் நிறுவனம் இதே ஜீப்பை உழவருக்கு விற்கக் கிளம்பியது. சி.ஜே.2ஏ என்று பெயர். கலப்பை இழுக்க வேண்டும், அறுவடை இயந்திரத்தைச் சுற்றவைக்க வேண்டும், பாரம் ஏற்ற வேண்டும். போர்க்களத்தில் ஓடியதைவிடக் கடினமான வேலை. அதற்காக அவர்கள் எஞ்சினைப் பெரிதாக்கவில்லை. அதே 60 குதிரை எஞ்சினை வைத்துக்கொண்டு கியர்களை மாற்றினார்கள். முதல் கியர் 2.798 ஆனது, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.43 ஆனது, அச்சு விகிதம் 5.38 ஆனது. பெருக்கிப் பாருங்கள்: 25.6ஆக இருந்தது 36ஐத் தாண்டிவிட்டது. ஒரு குதிரைகூடக் கூடாமல் இழுவை நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடியது. மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஜீப்பைச் செய்தவர்கள் பார்த்ததும் பல்லைத்தான். அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் புத்தி மாறவில்லை. 2003இல் ஜீப் ராங்லர் ரூபிகான் வந்தபோது அதில் இருந்தது மற்ற ராங்லர்களிலும் கிடைத்த அதே நான்கு லிட்டர் எஞ்சின்தான். கூடுதலாகக் கொடுத்தது 4 மடங்கு லோ கியர், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், தடித்த அச்சுகள். பாறை ஏறுவதில் பெயர் வாங்கியது இவற்றால்தான்.

டிஃபரன்ஷியல் லாக் என்பது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள், ஓர் ஓடையைக் கோணலாகக் கடக்கும் ஜீப்பைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்குகின்றன. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் பகிரும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை என்பதால், தரையில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் தொங்கும் சக்கரம் ‘விர்’ என்று சுற்றும், வண்டி அசையாது. இந்த இடத்தில் 60 குதிரைக்கும் 300 குதிரைக்கும் கடுகளவு வித்தியாசமில்லை. அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக் இருந்தால்தான் ஊன்றிய சக்கரம் வண்டியைத் தள்ளும். மகிந்திரா 2015இல் தார் வண்டியைப் புதுப்பித்தபோது 105 குதிரை எஞ்சினில் கைவைக்காமல், பின் அச்சில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலைச் சேர்த்தது இதனால்தான்.

சரி, பழைய வண்டி இழுக்கவில்லை என்ற புகார் பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்த இழுவையைத் தின்றவர் பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரரே. 29 அங்குல டயர் இருந்த இடத்தில் பார்வைக்கு மிரட்டலாக இருக்கட்டும் என்று 33 அங்குல டயரைப் போடுகிறார். சக்கரத்தின் ஆரம் கூடினால் தரையைத் தள்ளும் விசை அதே கணக்கில் குறையும்; இங்கே போவது நூற்றுக்குப் பன்னிரண்டு. அதன்மேல் இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கேரியர், அதில் ஒரு ஸ்டெப்னி. ஜிப்ஸியின் மொத்த எடையே ஏறக்குறைய 1,000 கிலோ; அந்த எடைக்குறைவுதான் அதன் பலம். 1.3 லிட்டர் எஞ்சின், 80 குதிரை, 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 4,500 சுற்றில்தான். இவ்வளவை வைத்துக்கொண்டு அது ராணுவத்தில் பல்லாண்டு உழைத்தது. அந்த வண்டியின் தலையில் இருநூறு கிலோ இரும்பைச் சுமத்திவிட்டு எஞ்சினைக் குறை சொல்வது என்ன நியாயம்? டயரைப் பெரிதாக்கியே தீருவேன் என்பவர் கிரவுன் பினியனையும் மாற்ற வேண்டும். பழைய வில்லிஸ் வழி அச்சுகளில் 4.88 என்றால் கிரவுனில் 39 பல், பினியனில் 8. அதையே 43க்கு 8 ஆக்கினால் 5.38. பெரிய டயர் தின்ற பன்னிரண்டில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

எஞ்சினிலும் தொலைந்துபோன சக்தி இருக்கிறது. எம்.எம். 540இன் பெஜோ டீசல் எஞ்சின் புதிதாக இருந்தபோது கொடுத்தது 62 குதிரை. முப்பது ஆண்டு ஓடிய எஞ்சினில் கம்ப்ரஷன் இறங்கியிருக்கும், நாசில் சொட்டும், வால்வு இடைவெளி மாறியிருக்கும், கிளட்ச் வழுக்கும், பிரேக் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே வரும். கம்ப்ரஷன் பார்த்து, நாசிலைக் கழற்றிச் சோதித்து, பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிசெய்வது கவர்ச்சியில்லாத வேலை. அதனால் பலரும் குறுக்குவழியாகப் பம்ப்பில் டீசலைக் கூட்டச் சொல்கிறார்கள். எஞ்சின் இழுக்கும் காற்று அதேதான். எரிய வழியில்லாத டீசல் கரும்புகையாக வெளியே போகும், கொஞ்சம் இழுவை கூடியதுபோல் இருக்கும், கூடவே சிலிண்டருக்குள் சூடும் ஏறும். அடுத்த ஏற்றத்திலோ அதற்கடுத்த ஏற்றத்திலோ ஹெட் கேஸ்கட் போகும், இல்லையென்றால் பிஸ்டன். நேர்க்குழாய் சைலன்சரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது கூட்டுவது சத்தத்தை.

எஞ்சினையே மாற்றுகிறவர்களுக்குச் சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியும்விட்டது. ஆர்.சி.யில் எழுதிய எஞ்சின் ஒன்று, பானட்டுக்குள் இருப்பது வேறொன்று என்றால், விபத்து நாளில் காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

எஞ்சினை விட்டுக் கியரைப் பார் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. பெரிய எஞ்சின் அச்சை முறிக்கும் என்றால், கியரைத் தாழ்த்தினாலும் அச்சுக்கு அதே பளு ஏறத்தானே செய்யும், எஞ்சினை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். பளு ஏறுவது உண்மை. ஆனால் அச்சு பெரும்பாலும் முறிவது மெதுவான இழுவையில் அல்ல, அதிர்ச்சியில். வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று ஒரு பாறையில் பிடித்துக்கொள்ளும்போது, அந்தச் சுழற்சியின் ஆற்றல் முழுவதும் ஒரே நொடியில் ஆக்ஸில் ஷாஃப்டின்மேலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸின்மேலும் இறங்குகிறது. சுழலும் வேகம் இரட்டித்தால் அந்த ஆற்றல் நான்கு மடங்கு. வில்லிஸ் எம்.பி. முதல் கியர் லோவில், எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது, போகும் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம். மனிதன் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் பாறையில் பிடித்தால் ஒன்றும் ஆகாது. சக்தியை நம்பி வேகமாக மோதி ஏறுகிறவர்தான் உடைந்த ஷாஃப்டோடு காட்டில் நிற்கிறார்.

மணல் வேறு. ராஜஸ்தான் மணல்மேட்டில் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்குக் குதிரைத்திறன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அங்கேகூட டயர் காற்றைப் பாதியாக இறக்குவது முதல் வேலை, எஞ்சின் அதற்குப் பிறகு. உயரமும் வேறு. ஊட்டியில் 2,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கும். லடாக்கின் கர்துங் லாவில் இழப்பு ஐந்தில் இரண்டு. ஆண்டு முழுவதும் லடாக்கில் ஓட்டுகிறவர் டர்போ கேட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மேட்டூரிலும் மதுரையிலும் இருப்பவருக்கு அந்தக் காரணம் செல்லாது.

புதிய தாரில் பெட்ரோல் எஞ்சின் 150 குதிரை தருகிறதே, தயாரிப்பாளரே கூட்டுகிறாரே என்பது அடுத்த கேள்வி. அந்த வண்டியின் எடை பழைய ஜீப்பைப் போல ஒன்றரை மடங்கு. அதோடு நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் குளிர்சாதனத்தோடு போக வேண்டும். கூடுதல் குதிரைகள் அங்கேதான் உழைக்கின்றன. பழைய ஜீப்பும் அப்படி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதன் டிரம் பிரேக்கையும் இலைவில்லையும் ஸ்டியரிங்கையும் முதலில் பார்க்க வேண்டும். கியரைத் தாழ்த்தினால் சாலையில் வேகம் குறையும் என்பது மெய்தான். அறுபதில் போக வேண்டிய வண்டி அறுபதில் போவதை நான் குறையாகக் கருதவில்லை.

சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை, பாதை என்று சொல்லவும் தகாத கற்குவியல். அதில் விடியற்காலையில் ஆட்களை நிறைத்துக்கொண்டு ஏறுகிற மகிந்திரா ஜீப்புகள் பந்தய வண்டிகள் அல்ல; ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்து, கல்லுக்குக் கல் சக்கரத்தை ஏற்றி இறக்குகிறார்கள். இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர் அதற்கு முன் ஒரு காரியம் செய்யட்டும். சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் வைத்து, பின் டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, டயர் சரியாக ஒரு சுற்று வரும்வரை தள்ளச் சொல்லி ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நான்கை ஒட்டி இருந்தால் உங்கள் வண்டிக்குத் தேவை வேறு கிரவுன் பினியன். ஐந்துக்குச் சற்றுக் குறைவென்றால் 39க்கு 8, ஐந்தேகாலைத் தாண்டினால் 43க்கு 8. அந்த எண் கையில் இல்லாமல் எந்த எஞ்சினுக்கும் விலை பேசாதீர்கள்.