ஒஸ்ரினைத் தூக்கிய நாள்



தையல், கோழி வளர்ப்பு, நுண்கடன் என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை ஒரு பழைய காரைப் பற்றி எழுதப்போகிறேன். காருக்கும் எங்களுக்கும் என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

வலிகாமத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டின் பின்வளவில், ஓலைக் கொட்டிலுக்குள் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று நிற்கிறது. 'சமசெற்' என்ற வகை. இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்தார்கள். அந்த வீட்டு அக்காவின் கணவர் அதைத்தான் வாடகைக்கு ஓடினார். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாமற் போனபோது, போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. 2007 இல் ஒருநாள் காலை அவர் சைக்கிளில் சந்திக்குப் போனார். திரும்பவில்லை. மகனுக்கு அப்போது மூன்று வயது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

போர் முடிந்த பிறகு பழைய இரும்பு வாங்குபவர்கள் பலமுறை வந்து நிறைக்கு விலை கேட்டார்கள். அக்கா கொடுக்கவில்லை. இப்போது மகன் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்திருக்கிறான். கல்யாண வீடுகளுக்குப் பழைய கார்களை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். திருத்தினால் வருமானம் வரும் என்பது அவனுடைய கணக்கு. எஞ்சினில் பெரிய பிழை இல்லை. ஆனால் தளம் முழுக்கத் துரு. அதைச் சரியாகத் திருத்துவதென்றால் காரின் உடலைச் சேசிஸிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும்.

"கழட்டிப்போட்டா, அவன் வந்து எங்கை என்ரை கார் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?" என்றார் அவனுடைய அப்பம்மா. அந்தக் கேள்வியோடு ஆறு மாதம் போனது.

எனக்கு இதெல்லாம் தம்பிதான் விளங்கப்படுத்தினான். இந்தக் காரில் சேசிஸ் என்பது தனியான இரும்புச் சட்டம். எஞ்சின், சில்லு, வில்லுத் தகடு எல்லாம் அதில்தான் இருக்கும். உடல், போல்ட்டுகளால் இறுக்கி மேலே வைத்த ஒரு கூடு. எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனரை இப்படிப் பிரிக்க முடியாது. அதற்கு உடலே சட்டமும்.

வேலை தொடங்கும் முன் நான் சொன்னது ஒன்றுதான். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவை. துருவைச் சுரண்டுகிறோம் என்று அவற்றைத் தேய்த்துவிட்டால் பிறகு அது யாருடைய கார் என்று நிரூபிப்பது கஷ்டம். புத்தகம் கணவரின் பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க அக்கா ஒருபோதும் சம்மதிக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் காணாமற்போனமைச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்காமலே அவருடைய சொத்தைப் பராமரிக்க அது வழிவிடுகிறது. அக்கா அதை எடுத்திருந்தார். மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டிய பிறகே அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "செத்தவன் எண்டு இதிலை இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பிரிக்கும் வேலைக்கு இரண்டு கிழமை பிடித்தது. பற்றரி, சீற், பொனற், மட்காட் எல்லாம் வந்தன. வயர்களுக்குப் பழைய சேலைக்கரையைக் கிழித்து அடையாளம் கட்டினார்கள். பிறேக் குழாய், எண்ணெய்க் குழாய், ஸ்ரியறிங், கைப்பிறேக் கம்பி ஒவ்வொன்றாகக் கழன்றன. போல்ட்டுகளைப் பால்மாப் பேணிகளில் போட்டு, எது எந்த இடத்தது என்று எழுதி ஒட்டும் வேலை எனக்கு. சமூகவியல் படித்த எனக்கு அந்தக் கொட்டிலில் கிடைத்த பதவி அது. குறை சொல்லவில்லை, பல கூட்டங்களில் இதைவிடப் பயனில்லாமல் எழுதியிருக்கிறேன்.

கதவுகளைக் கழற்றினால் உடல் பலமிழந்து வளையும். அதனால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே மரச்சட்டம் வைத்து இறுக்கினான் தம்பி. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ஒவ்வொரு இரவும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார் அக்கா. "இவருக்கும் இந்தக் காருக்கும் இந்த மணம்தான்" என்றார் ஒருநாள்.

தூக்கிய நாளன்று அயலிலிருந்து ஐந்து ஆண்களும் மாதர் சங்கத்துப் பெண்கள் நால்வரும் வந்தார்கள். பெண்களைக் கண்டதும் ஒருவர், "நீங்கள் தேத்தண்ணியைப் பாருங்கோ" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. போய்ப் பின்பக்க மூலையில் நின்றுகொண்டார். உடலின் கீழ் முன்னும் பின்னும் இரண்டு பனை வளைகளைக் குறுக்காகச் செருகி, மூலைக்கு மூலை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, உயர்த்திய அளவுக்கு உடனே சீமெந்துக் கல்லை அடுக்கினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் கீழே கை நீட்டக்கூடாது என்று தம்பி கத்திக்கொண்டே இருந்தான்.

முன்பக்கம் இலகுவாக எழும்பியது. பின்பக்கம் இடது மூலை மட்டும் சேசிஸையும் சேர்த்துத் தூக்கியது. மரச்சட்டம் கிறீச்சிட்டது. எல்லாரும் நிறுத்தினோம். எங்கோ ஒரு போல்ட் விடுபட்டிருக்கிறது. என் பேணிகளை எண்ணிப் பார்த்தேன். மற்றப் பக்கத்துக்கு ஒன்று கூட.

தேடியபோது அந்த மூலையில் தளத்தின் மேல் ஒரு தகர ஒட்டு. நிவாரண எண்ணெய்ப் பேணியை வெட்டி, விரித்து, சுற்றிவர ஆணி அடித்துத் தார் பூசியது. எழுத்துகள் பாதி தெரிந்தன. போல்ட் அதற்குக் கீழே.

தம்பி உளியை எடுத்துக்கொண்டு நின்றான். வெட்டவில்லை. அப்பா கையால் செய்ததென்று அவன் அறிந்தவை அந்த வீட்டில் அதிகமில்லை. அப்பம்மா திண்ணையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார். அக்காதான் உளியை வாங்கினார். ஓரமாக ஒவ்வொரு ஆணியாக நெம்பினார். தகரம் கிழியாமல் வர நேரமெடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. போல்ட்டின் தலை முழுக்கத் துரு. இரும்பு வாளால் அறுத்தார்கள்.

பிறகு ஒன்பது பேரும் வளைகளில் தோள் கொடுத்தோம். நானும் பேணிகளை விட்டுவிட்டுப் போனேன். உடல் சேசிஸை விட்டு மேலே வந்தது. கல் அடுக்கில் அதை இருத்தியதும் தம்பி சேசிஸைத் தன்பாட்டில் முன்னால் உருட்டி வெளியே எடுத்தான். பதினேழு வருடத்துக்கு மேலாகச் சுற்றாத சில்லுகள் என்பதால் முதலில் மறுத்து, பிறகு சுற்றின. அப்பம்மா அந்தச் சில்லுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உடல் இன்னும் கல்லின் மேல்தான். தளத்துக்குப் புதுத் தகடு வாங்கவும் வெல்டிங்குக்கும் காசு சேர்க்கிறார்கள். மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும். கொட்டிலின் ஓலையும் மாற்ற வேண்டும். போன கிழமை போனபோது அந்த எண்ணெய்ப் பேணித் தகரம் எங்கே என்று கேட்டேன். அப்பம்மா கையைக் காட்டினார். கோழிக்கூட்டில் கீரி நுழைகிற ஓட்டையை அதால் அடைத்திருந்தார். ஆணிகூட அந்தப் பழைய ஆணிதான்.