மதில் அதேதான், போர்தான் வேறு

செஞ்சியின் மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் கோட்டையைப் பிடிக்க, 1690 முதல் 1698 வரை முகலாயர் படை மல்லுக்கட்டியது. எதிரே நின்றவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. மலையும் அதேதான், மதிலும் அதேதான். வாசல் கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டில் மலையேறி வருவார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

பழைய பலத்தை நம்பி அசந்திருப்பது கோட்டைகளுக்கு மட்டுமே உள்ள வியாதி அல்ல. பேர்பெற்ற கம்பெனிகளுக்கும் உண்டு.

எச்.எம்.டி. வாட்ச்சை மறந்திருக்க முடியுமா? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியோடு பெங்களூரில் தயாரிப்பு தொடங்கியது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றாலே அதுதான்.

1969-ல் ஜப்பானின் சீக்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எச்.எம்.டி.க்கு இது தெரியாத சங்கதியா? இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அதுவே குவார்ட்ஸ் வாட்ச் விற்றது. ஆனால் முழுமூச்சாக இறங்கவில்லை. ஆலை, இயந்திரம், தொழிலாளர்களின் கைப்பழக்கம் எல்லாமே சாவி வாட்ச்சுக்காக அமைந்தவை. அதுவும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவார்கள்?

1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் ஆலை, குவார்ட்ஸே பிரதானம். காப்பாற்ற வேண்டிய பழைய சரக்கு எதுவும் அவர்களிடம் இல்லை. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டைட்டனின் ஆரம்பகாலக் குழுவில் எச்.எம்.டி.யில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை, அந்தத் திறமைக்கு இடம்தான் இல்லை.

புது முயற்சியைப் பழைய வியாபாரத்தின் கணக்கிலேயே எழுதினால், முதல் வருஷமே அது வீண்செலவாகத் தெரியும். அதற்கென்று தனி ஆட்கள், தனிக் கணக்கு, இரண்டு மூன்று வருஷ அவகாசம் கொடுக்க வேண்டும். பெரிய ஆலைக்கும் சரி, மூன்று தலைமுறையாக நடக்கும் கடைக்கும் சரி, இதுதான் வழி. வியாபாரம் நன்றாக நடக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கையில் காசு இருப்பது அப்போதுதான்.