பத்து மூட்டையும் பயண துஆவும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பகலுணவும் முடிந்த வேளையில் நம் தேசூரின் தெருக்களில் நடப்பவர்கள், தறிச் சத்தத்தோடு வேறொரு சத்தத்தையும் கேட்கலாம். ஸ்பேனர் இரும்பில் உரசும் ஓசை, சுத்தியல் அடி, புதிதாகப் பொருத்திய ஹாரனைச் சோதித்துப் பார்க்கும் அலறல். வீட்டு வாசலில் நிற்கும் சின்ன யானையின் அடியில் ஓர் இளைஞர் மல்லாந்து படுத்திருப்பார். தம்பி டார்ச் பிடித்து நிற்பான். தெருப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

2005ஆம் ஆண்டு மே மாதம் டாடா நிறுவனம் ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மக்கள் அதற்குச் சின்ன யானை என்று பெயர் சூட்டினர். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் பெருகின. மாட்டு வண்டியும் வாடகை லாரியும் செய்த வேலையை இன்று இவையே செய்கின்றன. தறிக்கு நூலும், ஆரணிக்குப் புடவைக் கட்டும், சேத்துப்பட்டுக்கு நெல்லும் மல்லாட்டையும், வந்தவாசியிலிருந்து கோரைப்பாயும் இவற்றின் முதுகில்தான் போய் வருகின்றன. தறியில் கூலி போதாத எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த வண்டிகளால் எரிகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

எனவே, இந்த வண்டிகளைச் சீராட்டும் இளைஞர்களைப் பழிப்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. ஸூரா அந்நஹ்லில் கால்நடைகளைப் பற்றிக் கூறும் இறைவன், மனிதன் பெரும் சிரமமின்றிச் சென்றடைய முடியாத ஊர்களுக்கு அவை அவனுடைய சுமைகளைச் சுமந்து செல்வதை அருட்கொடையாக எடுத்துரைக்கின்றான். குதிரையையும் கோவேறு கழுதையையும் குறிப்பிடுமிடத்தில், ஏறிச் செல்வதற்காக என்பதோடு அலங்காரத்திற்காகவும் என்று சேர்த்தே சொல்கின்றான். வாகனத்தில் அழகைத் தேடுவது மனித இயல்பு. மார்க்கம் அதனை வெறுக்கவில்லை. பாகிஸ்தானில் லாரியின் உடலெங்கும் பூவும் பறவையும் தீட்டுகிறார்கள். ஜப்பானிலோ டெகோடோரா என்ற பெயரில் லாரிகளை வண்ண விளக்குகளால் மூடுகிறார்கள். நம் இளைஞர் ஒருவர் இருக்கைக்குப் புது உறை தைத்துப் போட்டு, முகப்புக் கண்ணாடியில் பயண துஆவை ஒட்டினால் அதில் குற்றம் காண நாம் யார்?

ஆனால் வாசலில் நடக்கும் வேலை உறையோடும் ஸ்டிக்கரோடும் நிற்பதில்லை. அங்கேதான் நம் கவலை தொடங்குகிறது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பழைய சின்ன யானை ஒன்றை வாங்கினார். வட்டிக் கடன் வேண்டாம் என்று உம்மாவின் நகையை விற்று வாங்கியது. அதனை அவரே வீட்டில் சீர்செய்தார். பின்புறக் கமான் பட்டையில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாக ஏற்றினார். பக்கப் பலகைகளை உயர்த்தி வெல்டிங் செய்தார். முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பும், அதன்மேல் நீளமான எல்.இ.டி. விளக்கும், பல சுரங்களில் பாடும் ஏர் ஹாரனும் பொருத்தினார். வேலையின் நேர்த்தியைப் பார்த்து நாமும் மாஷா அல்லாஹ் என்றோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் சுப்ஹுக்குச் சற்று முன், தொழுகைக்காகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு முதியவர், எதிரே வந்த அந்த விளக்கின் ஒளியில் கண் கூசிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். ஐம்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்து மங்கிய கண்கள் அவை. மணிக்கட்டு முறிந்தது. மாணவர்தாம் அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: “வண்டி வருதுன்னு தெரிஞ்சுது தம்பி. ரோடு எங்கே இருக்குன்னுதான் தெரியலே.”

அதன் பிறகே நாம் அந்த வண்டியை வேறு கண்ணோடு பார்த்தோம். விவரம் அறிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டும் அறிந்தோம். அறிந்தவற்றை இங்கே பகிர்கிறோம்.

முதலாவது, சுமை. முதலில் வந்த ஏஸ் வண்டி ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. நம் பகுதியில் நெல் மூட்டை 75 கிலோ. ஆக, பத்து மூட்டை. கமான் பட்டையைக் கூட்டினால் இருபது மூட்டை ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. தாழாததால் தாங்குகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் பட்டை செய்வது தூக்கி நிறுத்துவது மட்டுமே. ஓடும் வண்டியை நிறுத்துவது பிரேக். பட்டை கூடியபோது பிரேக்கோ, அச்சோ, டயரோ கூடவில்லை. அதே வேகத்தில் எடை இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரு மடங்கு. வண்டி காலியாகத் திரும்பும்போதோ, விறைத்த பட்டையால் பின்புறம் துள்ளிச் சக்கரம் சாலையின் பிடியை இழக்கிறது. கோரைப்பாயின் கதை வேறு. எடை குறைவு, ஆனால் உயர்த்திய பலகைக்கும் மேலே கட்டு எழும்பி நிற்கும். அப்போது வளைவில் கவிழ்வதற்குச் சிறு வேகமே போதும்.

இரண்டாவது, மின்சாரம். வண்டியோடு வரும் 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதே வயரில் 100 வாட் பல்பைப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் போகும். வயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி உயர்வதால், அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தனி ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல், இருக்கும் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால், நெருப்புக்கு நாமே விறகு அடுக்குகிறோம். வைக்கோலும் நூலும் ஏற்றும் வண்டியில் இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தளித்துப் பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் நாள் தீர்ப்பிலும் உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அளவுக்கு மீறிய சுமைக்கு 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. மாறி மாறிப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை விதிகள் அனுமதிப்பதே இல்லை. முன்புற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் குழாய், மோதலின் வேகத்தை நசுங்கி உள்வாங்காமல் நேரே சட்டத்திற்குக் கடத்துகிறது. எதிரே நடந்து வருபவருக்கோ அதுவே உலக்கையாகிறது.

“இதெல்லாம் துன்யாவின் சட்டம், மார்க்கத்திற்கும் இதற்கும் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். சகோதரர்களே, வண்டியைப் பதிவுசெய்து கையெழுத்திடும்போது நாம் ஓர் உடன்படிக்கை செய்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடுதான் ஸூரா அல்மாயிதா தொடங்குகிறது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அடிப்படை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த மார்க்கத்தில், பாதைக்கு நாமே இடையூறாக நிற்பதை எந்தக் கிளையில் சேர்ப்பது? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று. தொட்டில் குழந்தை உறங்கும் தெருவில் ஏர் ஹாரனை அடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த அறிவுரை பொருந்தாதா?

சுமையைப் பற்றியும் நம் முன்னோர் பேசாமல் விடவில்லை. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நபிகளாரைக் கண்டு கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் செய்தியை நாம் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பசியில் விட்டு ஓயாமல் வேலை வாங்கிய உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்ற பொருள்படக் கண்டித்தார்கள் நபிகளார் (ஸல்). மதரஸாக்களில் நாம் ஓதிக்கொடுக்கும் ஹிதாயா நூல் 12ஆம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானி எழுதியது. அதன் வாடகைப் பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. குறித்த அளவு கோதுமை ஏற்றுவதாகப் பேசி ஒரு பிராணியை வாடகைக்கு எடுத்தவர், அதைவிடக் கூடுதலாக ஏற்றி, அதனால் அது மடிந்துபோனால், கூடுதலாக ஏற்றிய அளவுக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தை நாம் ஓதி வருகிறோம். சின்ன யானை வாசலுக்கு வந்தபோது கிதாபை மூடிவிட்டோம்.

கவனியுங்கள், அந்தச் சட்டத்தில் ஈடு கொடுப்பவர் பிராணியின் சொந்தக்காரர் அல்லர். வாடகைக்கு எடுத்துச் சுமை ஏற்றியவர்.

இதைத்தான் நாம் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழுந்த சம்பவத்திற்குப் பிறகு அந்த மாணவரை அழைத்துக் கண்டித்தோம். தலை குனிந்து கேட்டவர், கடைசியில் ஒன்று சொன்னார்: “ஹஜ்ரத், பத்து மூட்டைக்குன்னா யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. இருபது ஏத்துறவனைத்தான் கூப்பிடுவாங்க. போன பெருநாளைக்குப் பிள்ளைங்களைத் திடலுக்கு ஏத்திப் போகச் சொன்னதும் நீங்கதானே.”

உண்மை. சரக்கு வண்டியின் பின்புறத்தில் முப்பது பிள்ளைகளை நிற்க வைத்து, தக்பீர் முழங்க அனுப்பியவர்கள் நாம்தாம். உயர்த்திய பலகை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றுகூட அன்று எண்ணினோம். ஒரு வேனுக்கு ஆகும் வாடகையை மிச்சப்படுத்தினோம் என்ற திருப்தியும் இருந்தது. திருமணத்திற்கும் ஜனாஸாவுக்கும் இவ்வாறு சென்று கவிழ்ந்தவர்களின் செய்தியை நாளிதழில் படிக்கும்போது இன்னா லில்லாஹி சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்களும் நாம்தாம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

ஆகவே இளைஞர்களிடம் கேட்பதற்கு முன், ஜமாஅத்திடமும் வியாபாரிகளிடமும் நாம் கேட்கிறோம். இரண்டு நடைக்குரிய சுமைக்கு இரண்டு நடை வாடகை கொடுங்கள். மூட்டைக்குச் சில ரூபாய் கூடும். அது மிச்சமாகும் காசு அன்று, ஓட்டுநரின் உயிரிலிருந்து கழித்துக்கொண்ட காசு. மதரஸாப் பிள்ளைகளைச் சரக்கு வண்டியில் ஏற்றுவதில்லை என்று எங்கள் அளவில் முடிவு செய்துவிட்டோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெருநாளுக்கும் திருமணத்திற்கும் அதே முடிவை அறிவிக்கட்டும்.

வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்கு: வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்த வேண்டாம், மாற்றிச் செய்யுங்கள். டயரில் காற்றும் தேய்மானமும் பாருங்கள். பிரேக் எண்ணெயின் அளவைப் பாருங்கள். பின்புறச் சிவப்பு ஒளிர்பட்டை தூசி படிந்து மங்கியிருந்தால் துடைத்துவிடுங்கள். இருட்டில் பின்னால் வருபவர் காண்பது அதைத்தான். முகப்பு விளக்கின் ஒளி சாலையில் விழுமாறு சரிசெய்யுங்கள். எதிரே ஆள் வந்தால் டிம் செய்யுங்கள். புதிதாக எதையேனும் மின்னிணைப்பில் சேர்ப்பதானால் அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்து, தனி ஃபியூஸோடு, தெரிந்தவர் கையால் சேருங்கள். நிறம் மாற்றுவதானாலும் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு உறை தையுங்கள், துடையுங்கள், மினுக்குங்கள். அந்த அழகில் யாருக்கும் தீங்கில்லை.

அந்த மாணவர் விளக்கையும் ஹாரனையும் கழற்றிவிட்டார். முதியவரின் மருத்துவச் செலவையும், கை கூடும் வரை இழந்த கூலியையும் தவணையாகக் கொடுத்து வருகிறார். அதில் ஒரு பங்கை நாமும் ஏற்றோம். கூடுதல் பட்டைகளை இன்னும் கழற்றவில்லை. “பத்து மூட்டைக்கு நியாயமான வாடகை தர்ற அஞ்சு பேரைக் காட்டுங்க ஹஜ்ரத், அன்னைக்கே கழட்டிடறேன்” என்கிறார். இதுவரை இருவரைப் பேசி இணங்க வைத்திருக்கிறோம். மீதி மூவர் இதனைப் படிப்பவர்களில் இருக்கலாம்.

அவருடைய வண்டிக் கண்ணாடியில் பயண துஆ இப்போதும் இருக்கிறது. வாகனத்தை வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, நாம் அதற்குச் சக்தி பெற்றவர்களாக இருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துஆ அது. அதனை ஓதி விட்டு வண்டியின் சக்திக்கு மீறிச் சுமையேற்றுவது எவ்வளவு பெரிய முரண் என்பதை நாம் அனைவரும் சிந்திப்போமாக.

நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. புறப்பட்டவர் அனைவரையும் வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.