பழைய வீடு என்னும் சாக்கு

லண்டனில் பாய்லர் பழுதாவது பெரும்பாலும் கடுங்குளிர் நாளில்தான். வீட்டில் குழந்தை இருக்கும், வயதான அம்மா இருப்பார், ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கும். அந்த அவசரத்தில் யாராவது ஒருவர், கேஸை விட்டுவிட்டு ஹீட் பம்ப் போடலாமா என்று கேட்டுவிட்டால், பார்க்க வந்தவரிடம் பதில் தயாராக இருக்கிறது: "அண்ணை, உங்கட வீடு நூறு வருசப் பழசு. உதுக்கெல்லாம் ஹீட் பம்ப் சரிவராது." அவர் ஓர் அறையையும் அளந்திருக்க மாட்டார். மாடிப்படி ஏறியிருக்க மாட்டார். வாசலில் நின்று செங்கல்லைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மறுநாள் புதிய கேஸ் பாய்லர் சுவரில் ஏறுகிறது. இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழாது.

இந்தத் தீர்ப்பு தவறு. நம்மவர்கள் கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் இதையே பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. இத்தனை பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது.

முதலில் குளிரைப் பற்றிய வாதம். வெளியே பூஜ்ஜியம் டிகிரி, அந்தக் காற்றிலிருந்து எப்படி வீட்டுக்குச் சூடு எடுக்க முடியும் என்று கேட்கிறார்கள். நம் ஊர் ஏசி செய்யும் வேலையைத்தான் இந்தக் கருவி திருப்பிச் செய்கிறது. ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை எடுத்து உள்ளே கொட்டுகிறது. இன்று பல ஹீட் பம்புகளில் குளிர்பதனப் பொருளாக இருப்பது புரொப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதற்குப் பூஜ்ஜியம் டிகிரிக் காற்றே தாராளமான சூடு. அந்தச் சூட்டில் ஆவியாகி, கம்ப்ரெஸரில் அழுத்தப்பட்டு, மேலும் சூடேறி, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீருக்கு அதைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. குளிர் கூடக்கூடத் திறன் குறையும் என்பது உண்மை. வேலை நின்றுவிடும் என்பது பொய். நார்வேயில் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஆறில் ஹீட் பம்ப் இருக்கிறது. ஆஸ்லோவின் குளிருக்கு முன்னால் லண்டன் ஹாரோவின் குளிர் எம்மாத்திரம்?

உடனே அடுத்த வாதம் வருகிறது: நார்வே வீடுகள் நன்றாகக் கட்டப்பட்டவை, அங்குள்ள ஹீட் பம்புகள் பலவும் நேராக அறைக் காற்றைச் சூடாக்குபவை, ரேடியேட்டர் இல்லை. இரண்டும் சரிதான். ஆனால் அதைச் சொல்கிறவர் தன் முதல் வாதத்தைக் கைவிட்டுவிட்டார் என்பதைக் கவனியுங்கள். பிரச்சினை வெளிக்குளிர் அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டாயிற்று. இனிப் பேசவேண்டியது இரண்டே விஷயம்: வீட்டிலிருந்து சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, ரேடியேட்டருக்கு எவ்வளவு சூடான தண்ணீர் தேவைப்படுகிறது. வீட்டின் வயது இந்த இரண்டில் எதற்கும் விடை சொல்லாது.

பழைய கட்டடத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? சூரிக் நகரசபை மாளிகை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. லிம்மாட் ஆற்றுநீரிலிருந்து சூடு எடுக்கும் ஹீட் பம்ப் அங்கே 1938இலேயே பொருத்தப்பட்டது. பிரிட்டனிலேயே அண்மையில் அரசு நிதியில் ஒரு பெரிய சோதனை நடந்தது. நியூகாசில், தென்கிழக்கு ஸ்காட்லாந்து, தென்கிழக்கு இங்கிலாந்து ஆகிய பகுதிகளில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் பொருத்தினார்கள். விக்டோரியா காலத்துத் தொடர்வீடுகளும் அதில் இருந்தன, 1960களின் அடுக்குமாடி வீடுகளும் இருந்தன. எந்த வகை வீட்டையும், எந்தக் காலத்து வீட்டையும் ஹீட் பம்புக்கு லாயக்கற்றது என்று ஒதுக்க முடியாது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. காற்றிலிருந்து சூடு எடுக்கும் கருவிகள், செலவழித்த ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் நடுத்தரமாக 2.8 யூனிட்டை ஒட்டிய வெப்பத்தைத் தந்தன. வீட்டுக்கு வீடு இந்த எண் வெகுவாக மாறியது. என் கணிப்பில் அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, வடிவமைத்தவரும் பொருத்தியவரும் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு தொடர்வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்வது அப்படிப்பட்ட வீட்டில்தான். கட்டி நூற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும், சுவரில் இடைவெளி இல்லாத திண்மையான செங்கல். ஆனால் இரண்டு பக்கமும் அயல்வீடு. குளிர்காற்றுப் படுவது முன்சுவரிலும் பின்சுவரிலும் மட்டும். இதற்கு எதிரே 1970களில் புறநகரில் கட்டிய தனிவீடு: நான்கு சுவரும் வெளிக்காற்றில், பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்கள். வயதைப் பார்த்தால் இரண்டாவது வீடு இளையது. சூடு வெளியேறுவதை அளந்தால் பல நேரங்களில் முதல் வீடே மேல். இன்னொன்று: அந்தப் பழைய வீட்டில் சூட்டை அதிகம் விடுவது பழைய பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையாக இருக்கலாம். தட்டைக் கூரை, அதன்கீழ் பேருக்கு ஒரு பஞ்சுப் படுகை, தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. வயதைக் கேட்டுச் சட்டை தைக்கும் தையற்காரரிடம் நாம் துணி கொடுப்பதில்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் கொடுக்கிறோம்?

அளப்பது கடினமும் அல்ல. உங்கள் கேஸ் பில்லை எடுங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று பார்த்து 2,900ஆல் வகுங்கள். வருவது, கடுங்குளிர் நாளில் உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் வேண்டும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு. 12,000 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 4 கிலோவாட்டுக்குச் சற்று மேல். அரைகுறையாகச் சூடாக்கிக்கொண்டு போர்வைக்குள் காலம் தள்ளும் வீடென்றால் உண்மைத் தேவை இன்னும் கூடும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது சுவரில் தொங்கும் காம்பி பாய்லரின் அளவைப் பாருங்கள். 24 கிலோவாட், 30 கிலோவாட் என்று இருக்கும். குளிக்கும்போது குழாய்த் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கவே அவ்வளவு பெரிது வைக்கிறார்கள். வீட்டைச் சூடாக்க அதில் கால்வாசிகூடப் பல வீடுகளுக்குத் தேவையில்லை. "முப்பது கிலோவாட் பாய்லரே திணறுது, இந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும்" என்ற பேச்சு இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.

அடுத்தது தண்ணீரின் சூடு. கேஸ் பாய்லர் ரேடியேட்டருக்கு 70 டிகிரித் தண்ணீரை அனுப்புவது சகஜம். ஹீட் பம்ப் 50 டிகிரிக்குக் கீழே ஓடினால்தான் சிக்கனம். அனுப்பும் சூட்டில் ஒவ்வொரு டிகிரி குறைத்தாலும் திறன் 2, 3 சதவீதம் கூடும். ஆனால் 70 டிகிரியில் தருவதில் பாதி அளவு வெப்பத்தைத்தான் அதே ரேடியேட்டர் 50க்குக் கீழே தரும். அது போதுமா என்று யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் பாய்லரிடமே கேட்கலாம். காம்பி பாய்லரின் முகப்பில் குழாய்ப் படம் ஒன்றும் ரேடியேட்டர்ப் படம் ஒன்றும் இருக்கும். வெளியே தண்ணீர் உறையும் ஒரு நாளில், ரேடியேட்டர்ப் படம் உள்ளதை 50க்கு இறக்குங்கள். எல்லா ரேடியேட்டர்களின் திருகுகளையும் முழுக்கத் திறந்து, காலையிலிருந்து இரவு வரை அணைக்காமல் ஓடவிடுங்கள். தொட்டால் சுடாது, இளஞ்சூடாகத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்து மனம் சோர வேண்டாம், அறையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். எல்லா அறையும் 20 டிகிரியில் நின்றால் உங்கள் வீடு தயார், அது எந்த ராணி காலத்து வீடாக இருந்தாலும். ஒரு பின்னறை மட்டும் 17இல் நின்றால், மாற்றவேண்டியது அந்த அறையின் ஒற்றைத் தகடு ரேடியேட்டரை. அதே நீளத்தில் இரட்டைத் தகடு போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். (வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் கவனம்: தொட்டி நீரை 60 டிகிரிக்குக் கீழே விட்டால் லீஜியோனெல்லா கிருமி வளரும் ஆபத்து உண்டு.)

நாள் முழுதும் வீட்டை ஒரே சீராக வைத்திருப்பதுதான் இந்தக் கருவியின் இயல்பு. காலையில் ஒரு மணிநேரம், மாலையில் இரண்டு மணிநேரம் என்று கொதிக்க வைத்து அணைக்கும் பழக்கத்துக்கு இது ஒத்துவராது. தாத்தா பாட்டி பகலெல்லாம் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

சுவர், தரை, சன்னல் எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் ஹீட் பம்ப் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. பரண்மேல் பஞ்சு போடுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். மலிவான வேலைகள், எப்படியும் செய்ய வேண்டியவை. ஆனால் திண்சுவருக்கு உள்ளே பலகை அடித்து, பல்லாயிரம் பவுண்டு கொட்டி, பிறகு யோசிக்கலாம் என்பது, செய்யவே வேண்டாம் என்பதற்கு மரியாதையான மறுபெயர். ஹீட் பம்ப் மானியத்துக்கு அரசு வைத்திருந்த வெப்பக்காப்பு நிபந்தனையைக்கூட 2024 மே மாதம் நீக்கிவிட்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வெளியே பெட்டி வைக்க இடமில்லாத மேல்மாடி பிளாட், நிலச்சொந்தக்காரர் அனுமதி தராத கட்டடம், தரைக்கடியில் 8 மில்லிமீட்டர்க் குழாய் ஓடும் வீடு, ஆறேழு பேர் குளிக்கும் வீட்டில் 250 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கு மூலை கிடைக்காத நிலை: இவையெல்லாம் உண்மையான தடைகள். தொடர்வீடுகளில் சிலவற்றுக்கு அயல்வீட்டோடு சேர்ந்தே ஒரே மின்கம்பி வருகிறது, அதை முதலில் பிரிக்க வேண்டும். பணமும் உண்மையான கேள்விதான். பிரிட்டனில் மின்சார யூனிட்டின் விலை சில ஆண்டுகளாக கேஸ் யூனிட்டைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த விலையில், ஹீட் பம்ப் ஒரு யூனிட்டுக்கு 3.4 அளவில் வெப்பம் தந்தால்தான் பழைய பாய்லரோடு சமமாகும். 2.8 தந்தால் பில் கூடும். ஹீட் பம்புக்கென்று உள்ள தனிக்கட்டணத் திட்டத்தில் சேர்ந்து, அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றி, கேஸ் இணைப்பையே துண்டித்தால் அதன் நிலைக்கட்டணம் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் மிஞ்சும். அப்போது கணக்கு மாறும். இந்த வீட்டில் 2.8ஆ 3.6ஆ என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதை நிர்ணயிப்பது மேலே சொன்ன அளவுகள், கட்டிய ஆண்டு அல்ல.

அளக்காமல் "சரிவராது" என்பவரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் கிடைக்கிறது என்றதும் அளக்காமலேயே "சரிவரும்" என்று ஓடிவருகிறவரும் அதே குற்றவாளிதான். அவர் தேவைக்கு இருமடங்கு பெரிய பெட்டியைப் பொருத்திவிட்டு, தண்ணீரை 60 டிகிரியில் ஓடவிட்டுப் போய்விடுகிறார். பில் எகிறுகிறது. பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "நாங்கள் அப்பவே சொன்னோம், பழைய வீடு" என்கிறார்கள். கெட்ட வேலையின் பழி வீட்டின் தலையில் விழுகிறது.

மானியம் வேண்டுமானால் எம்.சி.எஸ். என்னும் தரச்சான்று பெற்ற நிறுவனம்தான் வேலையைச் செய்ய வேண்டும். அந்தச் சான்றின் விதிப்படி, அறைக்கு அறை வெப்ப இழப்பைக் கணக்கிட்டாக வேண்டும். எனவே அதைக் கேட்பது உங்கள் உரிமை. "ஒவ்வோர் அறைக்கும் எத்தனை வாட், எந்தச் சூட்டில் தண்ணீர், எந்த ரேடியேட்டரை மாற்ற வேண்டும், தாளில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாதவர் ஹீட் பம்ப் விற்கிறவரானாலும் கேஸ் பாய்லர் விற்கிறவரானாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 50 டிகிரிச் சோதனையையும், பாய்லர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, வருகிற குளிர்காலத்தில் செய்துவிடுங்கள்.