இன்சார்ஜ் சிஸ்டரின் சம்பளச் சீட்டு

மாலையில் தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை ரயில் நிலையங்களில் இரவுப் பணிக்கென வந்திறங்கும் செவிலியரை நாம் பார்த்திருக்கிறோம். நம் பங்கு மக்களும் அவர்களில் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் சில ஆண்டு அனுபவம் ஆனதும், 'இனி நீங்கள்தான் இன்சார்ஜ்' என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவது வழக்கம். டியூட்டி பட்டியல், போதை மருந்துப் பதிவேடு, அவசர மருந்து டிராலி, வராதவருக்கு மாற்று ஆள், உறவினரின் கோபம் எல்லாம் அன்றுமுதல் அவர் தலையில். அவர் கவனிக்கும் நோயாளிகளும் குறைவதில்லை. சம்பளச் சீட்டு மட்டும் பல இடங்களில் மாறுவதே இல்லை. தவறு நேர்ந்தால் மெமோ அவருக்கே.

மத்திய அரசுப் பணியில் இது தனிப் பதவி. ஏழாவது ஊதியக் குழுவின்படி ஸ்டாஃப் நர்சின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். அடுத்த படியான நர்சிங் சிஸ்டருக்கு 47,600. வேறுபாடு 2,700தான், பெரிய தொகையல்ல. ஆனால் பொறுப்பு ஆணையாக, எழுத்தில் வருகிறது.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவையடுத்து அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50க்குக் குறைந்த இடங்களில்கூட மாதம் 20,000 ரூபாயும் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் பலர் அதைப் படித்ததோடு சரி.

நம் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. நியாயமான கூலி பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே சுற்றுமடல் எழுதினார். 'சேவை' என்ற சொல்லைச் சொல்லிப் படியை மறுப்பது நமக்கு எளிதாகிவிட்டது. நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம்மவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒன்றைக் கேட்கலாம்: நம் வார்டு இன்சார்ஜ்களில் எத்தனை பேர் கையில் எழுத்துப்பூர்வமான ஆணை இருக்கிறது?