சரிந்து நிற்கும் வண்டி

பழைய பிக்கப் வண்டியொன்று ஒரு பக்கம் சரிந்து நிற்பதைக் கண்டவுடன், "அந்தப் பக்கத்து வில் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். வீதியிற் போகிறவரும் கூறுவர். சில வேளைகளிற் கராச்சில் இருப்பவரும் கூறுவர். அத்தீர்ப்புப் பலிப்பதும் உண்டு. பலிக்காதவிடத்து நட்டம் வண்டிக்காரருக்கே. சரிவு தோன்றும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறொன்று என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி மொறிஸ் மைனர் பிக்கப். 1953 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்டது. ஆகவே இன்று ஓடுகின்ற எந்த மைனர் பிக்கப்புக்கும் வயது ஐம்பதுக்கு மேல். 1990-களிற் பெற்றோல் கிடையாத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடி நமது குடாநாட்டைக் காத்த பழைய வண்டிகளை மறத்தல் இயலுமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையவற்றின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. அத்தகைய வண்டி ஒரு குடும்பத்தின் சீவனோபாயமாக இருக்குமாயின், அதன் சரிவு சிறு விடயமன்று.

முதலில் வந்த மைனர் பிக்கப்புக்கு விதிக்கப்பட்ட பாரம் 5 அந்தர். அதாவது 560 இறாத்தல். இன்றைய 50 கிலோச் சீமெந்துப் பைகளில் ஐந்து. நம்மவர் பத்துப் பையை ஏற்றிவிட்டு வில்லைக் குறை கூறுவர்!

இவ்வண்டியின் பின்புறத்தை இரு பக்கமும் அடுக்கிய உருக்குப் பட்டை விற்கள் தாங்குகின்றன. முன்புறத்திற் பட்டையும் இல்லை, சுருளும் இல்லை. நீண்ட உருக்குத் தண்டொன்று முறுகி நின்று பாரத்தைத் தாங்குகிறது. வளைந்தாலென்ன, முறுகினாலென்ன, பாரம் இரட்டித்தால் அசைவும் இரட்டிக்கும். மாணாக்கர் பாடசாலையிற் படிக்கும், 1678-இல் றொபேட் ஹூக் வெளியிட்ட விதி இதுவே.

இனி, நான்கு கால் வாங்கொன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு கால் சற்றே குட்டையாயின், வாங்கு அக்காலின் பக்கம் சாய்வதோடு நில்லாது, எதிர் மூலைக் காலையும் தூக்கும். வண்டியும் அவ்வாறே. பின் இடது மூலை தாழ்ந்தால் முன் வலது மூலை உயரும். முன்னே நின்று பார்ப்பவர், "முன் இடது தண்டு தளர்ந்தது" என்பார். பின்னே நின்று பார்ப்பவர், "பின் வில் சோர்ந்தது" என்பார். இருவர் கண்ணும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் காரணத்தைக் காணவில்லை.

எம் அயலவர் ஒருவரின் பிக்கப் பாசையூரிலிருந்து மீன்பெட்டி ஏற்றும் வண்டி. அது இடது பின்புறம் சரிந்தது. ஓரிடத்தில் இரண்டு பின் விற்களையும் மாற்றவேண்டுமென்று கூறிவிட்டார்கள். மனைவியின் காப்பை அடகு வைக்க அவர் ஆயத்தமான வேளையில், மோட்டார் வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வண்டியின் கீழே குனியவுமில்லை. "மாஸ்டர், மாடு நொண்டுதெண்டால் எந்தக் காலிலை முள்ளெண்டு முதல் பாக்கவேணும்" என்றார்.

முதலில் வண்டியிலிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்குவித்தார். நான்கு ரயர்களும் ஒரே அளவினவா, காற்று ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். மேசன்மார் பாவிக்கும் நீர்க்குழாயால் நிலம் மட்டமாயிருப்பதை உறுதிசெய்தார். பின்பு ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலே மட்காட்டின் விளிம்புவரை அளந்தார். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் குறையும் கணக்கிற் சேர்ந்துவிடும் அன்றோ? பின் இடது பக்கம் முக்கால் அங்குலம் குறைவு.

அடுத்து அவர் செய்ததே எமக்கு மிகவும் பிடித்தது. முன்புறத்துக் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜக்கை வைத்துத் தூக்கினார். அவ்வாறு தூக்கியதும் முன் தண்டுகளுக்கு வண்டியைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வலு இல்லை. பின் விற்களே நிலையைத் தீர்மானிக்கும. வண்டி நேராகியிருந்தால் குற்றம் முன்னே எனலாம். அதுவோ இன்னும் அதிகமாகச் சரிந்து, ஓர் அங்குலத்தைத் தொட்டது. ஆகவே குற்றம் பின்னே. முன் தண்டுகள் இதுவரை சரிவை ஓரளவு எதிர்த்துக்கொண்டிருந்தன என்பதும் வெளியாயிற்று.

வில்தானே குற்றவாளி என்று நாமும் எண்ணினோம். பெரியவர் உறுதியான தாங்கிகளை வைத்தபின்பே கீழே புகுந்தார் (ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் எவரும் புகுதல் கூடாது). வில்லின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்து, நூலுக்கும் நடுப்பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இடமும் வலமும் ஒரே அளவு! பட்டை எதுவும் முறியவில்லை. விற்கள் இரண்டும் நிரபராதிகள்.

தாரைச் சுரண்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. இடது வில்லின் பின்முனை தொங்கும் இடத்திற் சட்டம் துருவேறி, கடதாசிபோல் மெலிந்து, ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே நசுங்கியிருந்தது. மீன்பெட்டியிலிருந்து வடிந்த உப்பு நீர் பல ஆண்டுகளாகச் செய்த வேலை அது. முனை இரண்டு அங்குலம் உயர, வில்லின் நடுவிலுள்ள அச்சு அதன் அரைவாசியே உயரும். ஜக்கிலே கண்ட ஓர் அங்குலத்துக்குக் கணக்குச் சரி.

புது விற்களை அச்சட்டத்திற் பூட்டியிருந்தால் என்னாகும்? சரிவு அப்படியே இருக்கும். ஒரு நாள் பாரத்தோடு போகையிற் சட்டம் பிய்ந்து, அச்சு இடம்பெயரும். அச்சுக்கும் வில்லுக்கும் இடையே மரக்கட்டை செருகி மட்டமாக்குவோரும் உளர். அது வெடித்து நழுவினால் கதி அதுவே. முன் தண்டை முறுக்கிச் சரிவை மறைப்பதோ நோயை மறைக்கும் ஒப்பனை. பார்வைக்கு வண்டி நேராகும், பாரமோ எதிரெதிர் மூலைகளில் ஏறி நிற்கும். மழைநாளிற் பிறேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். ஷொக் அப்சோபரை மாற்றுதல் முற்றிலும் வீண். அது ஆட்டத்தை அடக்குவது, பாரத்தைத் தாங்குவதன்று.

துருவேறிய பகுதியை வெட்டி நீக்கித் தடித்த தகடு வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் வேலை. காப்பு அடகுக்குப் போகவில்லை. அயலவரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், அளவுகளை மறுபடி எடுத்துச் சுவரிற் கரியால் எழுதினான். இடது பக்கம் இன்னும் அரைக்கால் அங்குலம் குறைவென்று அவன் கவலைப்பட்டான். பெரியவர் சிரித்து, "வலப்பக்கத்திலை கொப்பர் ஏறி இருக்கட்டும், தம்பி, பிறகு அளந்து பார்" என்றார்.